அறுவடை முடிந்து கட்டணம் வாங்கும் விடுதி: பெகுவில் ஓராண்டு அனுபவம்

பர்மாவின் (மியான்மர்) பெகு நகரத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நடக்கும் ஒரு மாணவர் விடுதியைப் பற்றி எழுத வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் தங்கை மகள் அங்கே ஓராண்டு தங்கி 12ஆம் வகுப்பை முடித்தாள். தாய்மாமன் என்ற முறையில் அவளைச் சேர்த்ததும் நான்தான், மாதம் தவறாமல் போய்ப் பார்த்ததும் நான்தான். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் நேரில் கண்டவை. இடம் சிறியது, 28 பிள்ளைகளுக்கு மேல் சேர்க்க முடியாது என்பதால், விடுதியின் பெயரும் தெருவும் வெளியில் வர வேண்டாம் என்று நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் விருப்பத்தை மதிக்கிறேன். வட்டாரத்துக் கோயில்களில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

வெளிநாட்டுத் தமிழர்களுக்காக ஒரு விளக்கம். பள்ளியிறுதித் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தங்க வைத்துப் படிக்கச் செய்யும் விடுதியைப் பர்மியர் 'பாவ்டா' என்பார்கள். 2016இல் தொடங்கிய புதிய பாடமுறையில் அந்தத் தேர்வு 12ஆம் வகுப்புக்குப் போய்விட்டாலும், ஊரில் இன்னும் பத்தாம் வகுப்புத் தேர்வு என்றே சொல்கிறோம். 6 பாடங்கள், எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்பதையெல்லாம் அந்த மொத்த மதிப்பெண்தான் முடிவு செய்கிறது. 2010களில் எழுதியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தேறினார்கள். அப்படிப்பட்ட தேர்வைச் சுற்றி ஒரு பெரிய வியாபாரம் வளர்ந்திருப்பதில் வியப்பில்லை. நகரங்களில் பாவ்டாக்களின் வாசலில், சிறப்புத் தகுதி பெற்ற பிள்ளைகளின் படங்களோடு ஆள் உயரப் பலகைகள் நிற்கும். 'ஆறு டி', அதாவது ஆறு பாடங்களிலும் சிறப்புத் தகுதி, வாங்கிய பிள்ளையின் முகம் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும்.

அந்தப் பலகைகளை நம்பிச் செய்த ஒரு தவற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் மகனை இரங்கூனில் அப்படி ஒரு விடுதியில் சேர்த்தோம். ஜூனில் முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அக்டோபரில், மாதத் தேர்வுகளில் அவன் மதிப்பெண் குறைவு என்றும், அவன் பெயரைத் தங்கள் பட்டியலில் வைத்துக்கொள்ள முடியாது என்றும் சொல்லிப் பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். கட்டிய பணம் திரும்பவில்லை. தேறாத பிள்ளையைத் தேர்வுக்கு முன்பே வெளியேற்றிவிட்டால் விழுக்காடு தானாக உயரும் என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் அந்த ஆண்டு தேர்வே எழுதவில்லை. இப்போது மலேசியாவில் உணவுக் கடையொன்றில் வேலை செய்கிறான். ஆகவே ஒரு விடுதியை அதன் முதல் மாணவனைக் கொண்டு அளக்கக் கூடாது, கடைசிப் பிள்ளையை அது என்ன செய்கிறது என்பதைக் கொண்டுதான் அளக்க வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்தேன். பெகு விடுதியையும் அந்த அளவுகோலோடுதான் பார்த்தேன்.

எங்கள் பக்கத்து உழவர் வீட்டில் எந்த மாதம் கையில் என்ன இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்த விடுதியின் அருமை புரியும். பள்ளி திறப்பது ஜூனில். மழை பிடிப்பதும் அதே நாட்களில்தான். நாற்றங்கால், உழவு, உரம், நடவுக் கூலி என்று செலவெல்லாம் வரிசையாக வந்து நிற்கும் அந்த நேரத்தில், பத்தாயத்தில் சாப்பாட்டு நெல்லே அடிமட்டத்துக்கு வந்திருக்கும். நோட்டுப் புத்தகம், வெள்ளைச் சட்டை, பச்சைக் கைலி, டியூஷன் கட்டணம் எல்லாம் அப்போதுதான் கேட்கப்படுகின்றன. எனவே நிலமுள்ள சிறு உழவர்கூட விளையப்போகும் நெல்லை முன்கூட்டியே மலிவாக விற்றுவிட்டுப் பணம் வாங்குகிறார். பர்மியர் இதைச் 'சபாபே' என்பார்கள். டிசம்பரில் நெல் களத்துக்கு வரும்போது அது அவருடையதாக இருப்பதில்லை. ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்புக்காக அடுத்த பிள்ளையின் படிப்பையும் சேர்த்து அடகு வைப்பதைப் போன்றது இது. என் தங்கை தன் மூத்த மகனை எட்டாம் வகுப்போடு நிறுத்தியதற்குக் காரணமும் இதுதான்.

பெகு விடுதியில் ஜூனில் ஒரு கியாட்கூடக் கேட்பதில்லை. ஆண்டுக்கு 36 தின் நெல், அல்லது கொடுக்கும் நாளில் பெகு மில்லில் என்ன விலையோ அந்தப் பணம் என்பதுதான் அவர்கள் கணக்கு. ஒரு தின் என்பது ஏறக்குறைய 21 கிலோ நெல். பாதியை டிசம்பர் முடிவதற்குள்ளும் மீதியைத் தேர்வு மாதமான மார்ச்சுக்குள்ளும் கொடுக்க வேண்டும், வட்டி கிடையாது. எங்கள் மண்ணில் ஏக்கருக்கு 60 தின் விளைந்தால் நல்ல விளைச்சல் என்போம். அப்படிப் பார்த்தால் இது சிறிய தொகையன்று, என் தங்கையின் இரண்டு ஏக்கரில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். ஆனாலும் கையில் இருக்கும்போது கேட்கப்படும் தொகை வேறு, இல்லாதபோது கேட்கப்படும் தொகை வேறு. அந்த ஆண்டு எங்கள் கீழ்வயலில் தண்ணீர் நின்று பாதிப் பயிர் அழுகிவிட்டது. தங்கை 20 தின் நெல்லோடு போய்த் தலை குனிந்து நின்றாள். நிர்வாகி ஐயா மூட்டைகளை எண்ணி நோட்டில் எழுதிவிட்டு, “மிச்சத்தை அடுத்த வெள்ளாமையில் பார்த்துக்கலாம்மா, புள்ளைய ஒண்ணும் சொல்லிடாதீங்க” என்று மட்டும் சொன்னார். இந்த ஆண்டு மிச்சத்தைக் கொடுத்து முடித்தோம்.

நிலமே இல்லாத கூலிக் குடும்பங்களுக்கு வேறு ஏற்பாடு: தாயோ தகப்பனோ ஆண்டில் சில நாட்கள் விடுதியில் சமையலோ பழுதுவேலையோ செய்து கழித்துக்கொள்ளலாம். நோக்கம் நல்லதே. ஆனால் தன் தாய் அடுப்படியில் நிற்கும் நாளில் அந்தப் பிள்ளை மற்றவர்களோடு பந்தியில் உட்காரக் கூசியதை நான் பார்த்தேன். அந்த வேலையைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருக்கும் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ளலாமே என்று ஐயாவிடம் சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னார்.

கட்டணத்தைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு; அதை எந்த விடுதியாலும் தீர்க்க முடியாது. நடவுக் காலத்தில் ஒரு பெண்பிள்ளையின் கை என்பது ஒரு கூலி. கிராமத்தில் இருந்தவரை என் மருமகள் ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்த முதல் சில வாரங்களை வயலில்தான் கழித்தாள். உயர்நிலைப் பள்ளி 7 மைலுக்கு அப்பால் இருந்ததால், சேறும் மழையுமான நாட்களில் போகாமல் இருப்பதும் எளிதாயிற்று. ஒவ்வொரு பாடத்திலும் முதல் இரண்டு அத்தியாயங்கள் அவளுக்குத் தெரியாமலே போயின. விடுதியில் சேர்ந்த பிறகு முதல் நாளிலிருந்தே வகுப்பில் இருந்தாள். அந்த நடவுக் கூலியைத் தங்கை இழந்தாள். அந்த இழப்பைக் கணக்கில் சேர்க்காமல் “படிப்பு இலவசம்தானே, ஏன் அனுப்பவில்லை” என்று கிராமத்து ஏழையைக் கேட்பவர்கள் ஒரு ஜூலை மாதம் எங்கள் ஊரில் வந்து இருந்து பார்க்க வேண்டும்.

பர்மாத் தமிழர் என்றால் செட்டிநாட்டு மாளிகைகளும் பர்மாத் தேக்கும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார் கைக்கு வந்தது உண்மை. 1942இல் ஜப்பானியர் வந்தபோது இலட்சக்கணக்கானோர் நடந்தே இந்தியாவுக்குப் போனார்கள். 1948 முதல் வந்த நில நாட்டுடைமைச் சட்டங்களும், 1962க்குப் பின் கடைகளும் வங்கிகளும் நாட்டுடைமையானதும் எஞ்சியவர்களில் பலரை அனுப்பிவைத்தன. மேஸ்திரி பிடித்துக் கூட்டிவந்த கூலிகளின் பேரப் பிள்ளைகளான நாங்களோ வயலோரத்திலேயே தங்கிவிட்டோம். 1965இல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது தமிழ் கற்க இருந்த இடங்களும் போயின. எனக்கு முதல் எழுத்தைக் கற்றுக்கொடுத்தது ஊர்ப் பௌத்த மடத்துப் பள்ளி. சாதி, மதம், கட்டணம் எதுவும் கேட்காமல் உட்கார வைத்த அந்தப் பிக்குவை இன்றும் வணங்குகிறேன்.

அந்தப் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளி வரை போன நான் இறுதித் தேர்வில் தவறினேன். பலகையில் தேறியவர்களின் எண்கள் மட்டும்தான் இருந்தன. எந்தத் தாள் காலை வாரியது என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும், பர்மிய மொழித் தாள்தான். கணக்கையும் இயற்பியலையும் கண்டு நான் பயந்ததில்லை. அந்தக் காலத்தில் ஒரு பாடத்தில் தவறினாலும் ஆறையும் மறுபடி எழுத வேண்டும். இன்னோர் ஆண்டுக்குக் கட்டணம் கட்ட அப்பாவிடம் எதுவும் இல்லை. அடுத்த வாரம் அரிசி மில்லுக்கு வேலைக்குப் போனேன். விடுதியின் மாலை வகுப்பில் முதல்முறை உட்கார்ந்தபோது நான் ஏன் எழுந்து வெளியே போய் நின்றேன் என்பதைப் புரிந்துகொள்ள இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று ஆவணி மாதத்து மழை. ஆறரை மணிக்கே மின்சாரம் போய்விட்டது. சூரிய ஒளியில் மின்னேற்றிய பெட்டியிலிருந்து இரண்டு விளக்குகளைக் கூடத்தில் ஏற்றினார்கள். நீள மேசையின் இரு பக்கமும் பிள்ளைகள். 'கைடு' என்று இங்கே சொல்கிற துணையாசிரியை ஒருத்தி, இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும், என் மருமகளின் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளும் வயல்வேலைக் குடும்பத்துப் பெண். இதே விடுதியில் படித்தவள். மருமகள் எழுதிய பர்மியக் கட்டுரையில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் பென்சிலால் சிறு வட்டம் போட்டிருந்தாள். பர்மிய மொழியிலும் நம் மொழியைப் போலப் பேச்சு வேறு, எழுத்து வேறு: பேசும்போது 'தே' என்று முடிகிற வாக்கியம் எழுதும்போது 'தி' என்று முடிய வேண்டும். என் மருமகள் சந்தையில் பேசுகிற பர்மிய மொழியை அப்படியே தாளில் இறக்கி வைத்திருந்தாள்.

“வீட்டுல மழை வந்துச்சுன்னு சொல்றோம் இல்ல? ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புல அதை எப்படி எழுதினே?” என்று கைடு கேட்டாள்.

“மழை வந்தது.”

“அவ்வளவுதான். இங்கேயும் வந்துச்சை வந்ததாக்கு. இந்த வட்டத்தையெல்லாம் நீயே திருத்து, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்.”

அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். மருமகள் 19 வட்டங்களையும் திருத்தி முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. எனக்கு அந்த வயதில் பர்மிய மொழி பேச வராது என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. பர்மியப் பையன்களோடு சண்டை போடும் அளவுக்குப் பேசினேன். பேசுவதை எழுதக் கூடாது என்பதை மட்டும் எவரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவில்லை. வீட்டில் தமிழ், வகுப்பில் பர்மிய விளக்கம், என் காலத்து உயர்நிலை வகுப்பு அறிவியல் நூல்களோ ஆங்கிலத்தில் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே நின்ற பிள்ளைகளை மந்த புத்தி என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைக்கு இல்லாதது அறிவு என்று நான் என்றுமே நம்பியதில்லை. உட்கார ஒரு மேசையும், ஆறரை மணிக்கு மேல் ஒரு விளக்கும், தப்பைத் தப்பு என்று கோபமில்லாமல் சொல்ல ஓர் ஆளும் இல்லை என்பதுதான் உண்மை. இந்த விடுதி 36 தின் நெல்லுக்குக் கொடுப்பது அந்த மூன்றையும்தான்.

மாலை வகுப்பு ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை. ஆறு பிள்ளைகளுக்கு ஒரு கைடு என்பது கணக்கு. பின்தங்கிய பிள்ளைகளை விளக்குக்கு மிக அருகில் உட்கார வைக்கிறார்கள் என்பதைக் கவனித்தேன். நான் கண்ட மற்ற இடங்களில் அந்த இடம் 'டி' வாங்கப்போகும் பிள்ளைக்கு. கணக்கும் பர்மிய மொழியும் மிக நன்றாகக் கற்பிக்கப்படுகின்றன. வேதியியலில் குறை உண்டு: நவம்பரில் அந்தப் பாடத்தின் கைடு தாய்லாந்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார், ஜனவரி வரை அந்த இடம் காலியாகவே கிடந்தது. என் மருமகளின் மதிப்பெண் பட்டியலில் அந்த இரண்டு மாதங்களின் தடம் அப்படியே தெரிகிறது. மாற்று ஆளைக் கையில் வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இருப்பது ஓர் ஆண்டுதானே.

அதிகாலைப் படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்கு எல்லோரும் உரக்கப் படிக்க வேண்டும் என்பது விதி. ஒருத்தி வரலாறு, ஒருத்தி ஆங்கிலச் செய்யுள், ஒருத்தி சூத்திரம் என்று ஒரே கூடத்தில் இருபது குரல்கள் எழும்போது, மனப்பாடம் செய்ய முடிகிற பிள்ளைக்கு அது பழகிவிடுகிறது. யோசித்துப் புரிந்துகொள்கிற பிள்ளைக்கு அது தண்டனை. என் மருமகள் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்ள அனுமதி கேட்டாள், கொடுத்தார்கள். கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகள் கேட்பதில்லை.

சாப்பாடு எளிமையானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் வேகவைத்த பட்டாணியும் சோறும், மதியம் பருப்பு, வாரத்தில் மூன்று நாள் மீன், புளிச்சகீரை அநேகமாகத் தினமும். பெண்பிள்ளைகள் 15 பேருக்குக் குளியலறை இரண்டுதான் என்பது பெரிய குறை. வரிசையில் நின்று பள்ளிக்குத் தாமதமாகிறார்கள். பாதுகாப்பில் ஐயாவின் மனைவி கண்டிப்பானவர். மாலை ஆறு மணிக்கு மேல் எந்தப் பிள்ளையும் வாசல் தாண்ட முடியாது, உறவினர் என்று யார் வந்தாலும் பெற்றோர் முன்பே எழுதிக் கொடுத்த பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தாய்மாமனான என்னையே முதல் தடவை வெளித் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் உள்ளே விட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது அடையாள அட்டை விஷயம். 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி முழுக் குடிமக்கள், இணைக் குடிமக்கள், குடியுரிமை பெற்றவர்கள் என்று மூன்று வகை. அட்டைகளும் இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறம். தாத்தா, பாட்டி காலத்துப் பதிவுச் சீட்டு வெள்ளத்தில் போன குடும்பங்கள் எங்கள் ஊரில் ஏராளம். பிள்ளை தேறினாலும் கல்லூரி வாசலில் அட்டையைத்தான் முதலில் கேட்கிறார்கள். இதைத் தெரிந்த விடுதி, ஜூனிலேயே ஒவ்வொரு பிள்ளையின் குடும்பப் பட்டியலையும் பார்த்து எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் ஜனவரியில்தான் கேட்டார்கள். பாட்டியின் பெயர் இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாக இருந்ததை அப்போதுதான் கண்டோம். அதைச் சரிசெய்ய நான் நான்கு தடவை அலைந்தேன், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போயிற்று. தேர்வுக்குப் படிக்க வேண்டிய பிள்ளையும் இரண்டு தடவை கூட வர வேண்டியிருந்தது. படிப்பு ஓர் ஏழைக் குடும்பத்தைத் தூக்கிவிட வேண்டுமானால் அந்த ஏணியின் கடைசிப் படி இந்தக் காகிதம்தான். அதைக் குடும்பத்தின் தனிப்பட்ட வேலை என்று விட்டுவிடக் கூடாது.

தேறிய பிறகு என்ன படிக்கலாம், எந்தப் படிப்புக்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டும், நாள்தோறும் போகாமல் அஞ்சல் வழியில் படித்துக்கொண்டே வேலை செய்ய முடியுமா என்பதையும் எவரும் உட்கார்ந்து சொல்லவில்லை. பெற்றோரில் பலர் பல்கலைக்கழக வாசலையே பார்த்ததில்லை. தேர்வு முடிந்த மறுநாள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவதற்கு முன் ஒரே ஒரு நாள் இதற்கென்று ஒதுக்கினால் போதும்.

என் மருமகள் ஆறு பாடங்களிலும் தேறினாள். ஒரு 'டி'யும் வரவில்லை. பெகு பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் அந்த வாசலுக்குள் போன முதல் ஆள் அவள். அவளோடு தங்கிய 28 பேரில் ஒருவரைக்கூட நடுவில் வெளியே அனுப்பவில்லை. 28 பேரும் தேர்வு எழுதினார்கள். தவறியவர்களில் இரண்டு பேரை மறு ஆண்டு கட்டணமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த இருவரையும் சென்ற மாதம் அதே மேசையில் பார்த்தேன். மருத்துவமோ பொறியியலோ படிக்க வைத்தே தீர வேண்டும் என்று உயர்ந்த மதிப்பெண்ணுக்காக அலைபவர்களுக்கு இந்த இடம் பொருந்தாது. அதற்கு வேண்டிய ஆசிரியர்கள் இங்கே இல்லை. தேறினாலே வீட்டின் நிலை மாறும் என்கிற பிள்ளைக்கு, நான் பார்த்த இடங்களில் இதைவிட நல்லது இல்லை.

சேர்க்கை மே மாதக் கடைசி வாரத்தில். பெற்றோர் இருவரில் ஒருவராவது நேரில் வர வேண்டும். தரகர் மூலம் வந்தால் சேர்ப்பதில்லை. கொசுவலை, தட்டு, போர்வை, இரண்டு பச்சைக் கைலி கொண்டு வரச் சொல்வார்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் குடும்பப் பட்டியலின் நகல், பெற்றோர் அட்டைகளின் நகல், கிடைத்தால் தாத்தா பாட்டியின் பழைய பதிவுச் சீட்டு ஆகியவற்றையும் அன்றே கொண்டுபோய், எழுத்துக்கு எழுத்து பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.